பல் பிடுங்கிய பிறகு ஆன்டிபயாட்டிக்: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை, எப்படிச் சாப்பிடுவது

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, “ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தாரா?” என்பதுதான். எழுதவில்லை என்றால் டாக்டர் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. பக்கத்து மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கிவிடுகிறோம். ஆனால் வேறு நோய் எதுவும் இல்லாதவருக்கு, சிக்கலில்லாமல் ஒரு பல்லை எடுத்திருந்தால், பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் கட்டாயம் வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதற்கும், எழுதிக் கொடுத்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிடுவதற்கும்தான் இந்த வழிகாட்டி. இதில் வரும் அளவுகள் உங்கள் சீட்டைப் புரிந்துகொள்வதற்காக. சீட்டில் வேறு மாதிரி இருந்தால் சீட்டில் இருப்பதையே பின்பற்றுங்கள், சந்தேகம் இருந்தால் எழுதியவரிடமே கேளுங்கள்.

குழியை ஆற்றுவது எது

பல் வெளியே வந்ததும் அந்தக் குழியில் ரத்தம் நிறைந்து, சிறிது நேரத்தில் உறைகிறது. முழங்காலில் அடிபட்டால் மேலே பொருக்குத் தட்டுகிறதே, அதே வேலையைத்தான் இந்த உறைந்த ரத்தம் வாய்க்குள் செய்கிறது. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கிறது. அதன் மேல்தான் புதுச் சதை வளர்கிறது. ஈறு மூடச் சில வாரங்கள் ஆகும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். இந்த வேலையில் ஆன்டிபயாட்டிக்குக்குப் பங்கே இல்லை. உறைந்த ரத்தம் கலையாமல் இருந்தால் போதும், மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

வலிக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல் எடுத்த இடம் வலிப்பது அங்கே திசு காயப்பட்டதால். அதற்கு வலி மாத்திரைதான் வேலை செய்யும். அமாக்சிசிலின் (பெனிசிலின் வகை ஆன்டிபயாட்டிக்) சாப்பிட்டதும் வலி குறைந்தது என்று சொல்பவர்கள், கூடவே சாப்பிட்ட வலி மாத்திரையை மறந்துவிடுகிறார்கள்.

பல்லுக்கு அடியில் சீழ் இருந்ததே, அதற்காவது வேண்டாமா என்று கேட்கலாம். சீழ் தேங்கிய பைக்குள் ரத்த ஓட்டம் சரியாக இருக்காது. அதனால் மாத்திரை மருந்தும் அங்கே போதுமான அளவுக்குப் போய்ச் சேராது. சொத்தைப் பல்லை எடுத்துச் சீழை வெளியேற்றியதுதான் உண்மையான வைத்தியம். கிருமி குடியிருந்த இடமே போய்விட்டால், மிச்சத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் தானாகவே சமாளிக்கும்.

அப்படியென்றால் ஆன்டிபயாட்டிக்கால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021இல் இதைப் பற்றிய தன் அறிக்கையைப் புதுப்பித்தது. அதில் இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களின் ஞானப்பல்லை எடுத்த ஆய்வுகள். அந்தக் கணக்குப்படி, ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க சுமார் 19 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ட்ரை சாக்கெட் (உறைந்த ரத்தம் கலைந்து, குழியில் எலும்பு வெளியே தெரிந்து கடுமையாக வலிப்பது) வராமல் தடுக்க சுமார் 46 பேருக்குக் கொடுக்க வேண்டும். இதுவும் ஞானப்பல்லுக்கான கணக்கு. தானாகவே ஆடிக்கொண்டிருந்த பல்லையோ, ஐந்து நிமிடத்தில் வந்துவிட்ட பல்லையோ எடுத்தால் தொற்று வரும் வாய்ப்பு அதைவிடவும் குறைவு.

மருந்து பலன் தராத மீதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல், வாய்ப்புண், அபூர்வமாக உயிரையே பதம் பார்க்கும் ஒவ்வாமை என்று ஏதாவது வரலாம். அதோடு ஒவ்வொரு கோர்ஸும் நம் குடலில் இருக்கும் கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவற்றை விட்டுவைத்து, மற்றவற்றை அழிக்கிறது. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் இந்தப் பிரச்சினை இந்தியாவில் எவ்வளவு முற்றிவிட்டது என்று கண்டு, பல மருத்துவச் சங்கங்கள் 2012இல் நம் சென்னையில்தான் கூடி ஒரு செயல்திட்டம் வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அதற்குப் பெயர். பல் ஆஸ்பத்திரியில் தேவையில்லாமல் வாங்கும் ஒரு அட்டை மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும்.

படி 1: பல் எடுக்கும் முன்பே சொல்ல வேண்டியவை

மரத்துப்போக ஊசி போட்ட பிறகு ஞாபகம் வந்து சொல்வதில் பிரயோஜனம் இல்லை. போன உடனே இவற்றைச் சொல்லிவிடுங்கள்.

இதயத்தில் செயற்கை வால்வு, பிறவியிலேயே இதயக் கோளாறு, முன்பு எப்போதாவது இதய உட்சுவரில் தொற்று வந்தது: இவற்றில் எது இருந்தாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். அடுத்தது சுகர். கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தீர்கள், எவ்வளவு இருந்தது என்பதோடு சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, புற்றுநோய்ச் சிகிச்சை, தலைப்பகுதியில் கதிர்வீச்சு எடுத்தது, மாற்று உறுப்பு, ஸ்டீராய்டு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது எல்லாம் முக்கியம்.

பலரும் சொல்லாமல் விட்டுவிடுவது எலும்புத் தேய்மானத்துக்கான மருந்தை. வாரம் ஒரு முறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒரு முறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை இதில் வரும். இவற்றை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். பல்லுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து அம்மாக்களும் பாட்டிகளும் இதைச் சொல்வதே இல்லை. கூடப் போகிறவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெனிசிலின் ஒவ்வாமை பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். ‘எனக்கு ஒத்துக்காது’ என்று மட்டும் சொன்னால் போதாது. என்ன ஆனது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் ஆனது என்று சொல்லுங்கள். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து அரித்ததா, உதடும் முகமும் வீங்கியதா, மூச்சு இழுத்ததா? இவை ஒவ்வாமை. வயிறு கலக்கியது மட்டும் என்றால் அது பக்கவிளைவு. பெனிசிலின் ஆகாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களை முறையாகப் பரிசோதித்தால், பெரும்பாலோருக்கு அந்த ஒவ்வாமை இருப்பதே இல்லை. அவர்கள் காரணமில்லாமல் வேறு மருந்துகளுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

படி 2: உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

பெரும்பாலும் தேவைப்படாதவர்கள்: ஆரோக்கியமானவர்கள், பால் பல் எடுத்த குழந்தைகள், பல் வரிசை சீராக்கக் கம்பி போடுவதற்காக நல்ல பல்லை எடுத்தவர்கள், ஆடும் பல்லை எடுத்தவர்கள். பல்லுக்கு அடியில் சிறிய சீழ்க் கட்டி இருந்தாலும், காய்ச்சலோ முகவீக்கமோ இல்லாமல் பல்லை எடுத்துச் சீழும் வடிந்துவிட்டது என்றால் அவர்களும் இதில் சேர்வார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: பல்லுக்கு உடனே சிகிச்சை செய்ய முடிகிறது என்றால், நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பெரியவர்களுக்குப் பல் வலிக்காகவோ அந்த இடத்தோடு நிற்கும் வீக்கத்துக்காகவோ ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம்.

தேவைப்படுபவர்கள்: காய்ச்சல், உடல் அசதி, கழுத்தில் நெறி கட்டுதல், முகத்தில் பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை என்று தொற்று பல்லை விட்டு வெளியே போனதற்கு அறிகுறி உள்ளவர்கள். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும், கட்டுப்பாட்டில் இல்லாத சுகர் உள்ளவர்களுக்கும் டாக்டர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வார். சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டும் என்றில்லை. ஞானப்பல்லை எலும்பை அறுத்து எடுத்தால் சில டாக்டர்கள் எழுதுவார்கள், சிலர் எழுத மாட்டார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

இதய நோயாளிகள் விஷயம் தனி. அவர்களுக்கு மருந்து கொடுப்பது குழி ஆறுவதற்காக அல்ல. பல் எடுக்கும்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. அதனால் அதைப் பல் எடுத்த பிறகு அல்ல, 30 முதல் 60 நிமிடம் முன்னால் சாப்பிட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. அதாவது 500 மி.கி. காப்ஸ்யூல் நான்கை ஒன்றாக விழுங்க வேண்டும். சீட்டைப் பார்த்துப் பயந்து ஒன்றொன்றாகப் பிரித்துச் சாப்பிட்டால் நோக்கமே கெட்டுவிடும். முன்னால் சாப்பிட மறந்துவிட்டால் உடனே சொல்லுங்கள், பல் எடுத்து 2 மணி நேரத்துக்குள் என்றால் அப்போதும் கொடுக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும், அந்தக் காரணத்துக்காக மட்டும் இது தேவையில்லை. செயற்கை வால்வு, முன்பு வந்த இதயத் தொற்று, சில குறிப்பிட்ட பிறவிக் கோளாறுகள் போன்ற ஆபத்து மிகுந்த சில நிலைகளுக்கு மட்டும்தான்.

படி 3: மருந்துக்கடையில்

‘பல் எடுத்திருக்கிறேன், மாத்திரை கொடுங்கள்’ என்று கேட்டால், பல கடைகளில் ஒரு சின்னக் காகித உறையில் மூன்று நான்கு நிற மாத்திரைகளை வெட்டிப் போட்டு, ‘இது ரெண்டு செட், காலையில ஒண்ணு நைட்டு ஒண்ணு’ என்று கொடுத்துவிடுவார்கள். அந்த உறைக்குள் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். வீக்கம் என்று சொன்னால் சில இடங்களில் ஸ்டீராய்டும் சேரும். மாத்திரையின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும், காலாவதித் தேதி இருக்காது. ஒவ்வாமை வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லவே முடியாது. தேவையில்லாதவருக்கு இதில் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, தேவைப்படுபவருக்கு இந்த இரண்டு வேளை போதாது. செட் மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள்.

சீட்டைக் கொடுத்து, பெயர் தெரிகிற மாதிரி அட்டையாக வாங்குங்கள். அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். ஆன்டிபயாட்டிக்குகளைத் தெரிந்துகொள்ள அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லி மத்திய அரசு 2016இல் பிரசாரமே செய்தது. பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சாப்பிடும் முறை

பல்லுக்கு முதலில் எழுதுவது அமாக்சிசிலின். பெரியவர்களுக்கு வழக்கமாக 500 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று வேளை என்றால் மூன்று சாப்பாடு என்று எடுத்துக்கொண்டு காலை 10, மதியம் 1, இரவு 9 என்று போட்டுக்கொள்கிறோம். அப்படியில்லை, கூடியமட்டும் 8 மணி நேர இடைவெளி வேண்டும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். இதைச் சாப்பாட்டுக்கு முன்னும் சாப்பிடலாம், பின்னும் சாப்பிடலாம். பாலோடு சாப்பிட்டாலும் பாதகமில்லை.

அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் ஆசிட் சேர்ந்த மாத்திரை கொடுத்திருந்தால், அதைச் சாப்பாட்டின் தொடக்கத்திலேயே விழுங்குங்கள். வயிற்றுக்கு அதுதான் இதம். இது வெறும் அமாக்சிசிலினைவிட அதிகமாக வயிற்றைக் கலக்கும்.

மெட்ரோனிடசோல் 400 மி.கி. கூடவே எழுதியிருக்கலாம். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு அது. வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு சுவை வரும், சிறுநீர் கருமையாகப் போகலாம். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் மது அருந்தவே கூடாது, மாத்திரை முடிந்து மூன்று நாள் வரைக்கும். கடும் வாந்தியும் படபடப்பும் வரலாம். மது கலந்த இருமல் டானிக்குக்கும் இது பொருந்தும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மெட்ரோனிடசோல் அந்த விளைவை இன்னும் கூட்டிவிடும் என்பதால், டாக்டருக்குத் தெரியாமல் இதைச் சாப்பிடவே கூடாது. மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அமாக்சிசிலின் எழுதும்போதே அதைச் சொல்ல வேண்டும்.

பெனிசிலின் ஒவ்வாமை உண்மையிலேயே உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின் போன்ற வேறு மருந்து உண்டு. அதை டாக்டர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் வகை ஆகாது, வளரும் பற்களில் நிரந்தரக் கறை விழும். கர்ப்பிணிகளுக்கு அமாக்சிசிலின் பல காலமாகக் கொடுத்துவரும் மருந்துதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால், ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

எத்தனை நாள் என்பதில்தான் குழப்பம் அதிகம். கோர்ஸை முடித்தே ஆக வேண்டும் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். மேலே சொன்ன 2019 வழிகாட்டுதல் அமாக்சிசிலினுக்கு 3 முதல் 7 நாள் என்று வைத்து, மூன்றாம் நாள் நிலைமையைக் கேட்டறியச் சொல்கிறது. காய்ச்சலும் வீக்கமும் முழுக்க அடங்கி 24 மணி நேரம் ஆனதும் நிறுத்தலாம் என்கிறது. பல் தொற்றில் மூல காரணத்தை எடுத்துவிடுவதால் நீண்ட கோர்ஸ் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. சீட்டு எழுதும்போதே, “எத்தனை நாள் சாப்பிடணும் டாக்டர்? மூணாம் நாள் ஃபோன் பண்ணட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், முடிக்கச் சொன்னால் முடியுங்கள். வலி குறைந்ததே என்று இரண்டாம் நாளே விட்டுவிடுவதும், பயத்தில் இன்னொரு அட்டை வாங்கி நீட்டுவதும் வேண்டாம்.

மிச்சம் இருந்தால் அடுத்த பல்வலிக்கு என்று அலமாரியில் எடுத்து வைக்காதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கும் கொடுக்காதீர்கள்.

படி 5: ஆன்டிபயாட்டிக் செய்யாத வேலையை நீங்கள் செய்வது

முதல் 24 மணி நேரம்தான் எல்லாம். பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சிலை விழுங்குங்கள், துப்பாதீர்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். கொப்பளிக்காதீர்கள். துப்புவதும் உறிஞ்சுவதும் உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும். சூடான காபி, டீ, ரசம் அன்றைக்கு வேண்டாம். ஆறிய தயிர்சாதம், குழைந்த இட்லி, ஐஸ்கிரீம் சாப்பிடலாம். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு வையுங்கள்.

ரத்தம் நிற்கவில்லை என்றால் சுத்தமான துணியையோ காயம் கட்டும் காஸ் துணியையோ மடித்து இன்னொரு அரை மணி நேரம் கடித்திருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் மெதுவாக வாயில் வைத்து, தலையைச் சாய்த்து வெளியே விடுங்கள். மற்ற பற்களை வழக்கம்போலத் தேய்க்கலாம். சிகரெட், பீடி, புகையிலை, வெற்றிலைப் பாக்கு ஆகியவற்றைக் குறைந்தது மூன்று நாளுக்காவது தொடாதீர்கள், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. புகைப்பவர்களுக்கு ட்ரை சாக்கெட் வரும் வாய்ப்பு கூடுதல்.

வலிக்கு இபுப்ரோஃபென் 400 மி.கி.யையும் பாராசிட்டமால் 500 மி.கி.யையும் சேர்த்துச் சாப்பிடுவது பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை, கர்ப்பம் இருப்பவர்கள் இபுப்ரோஃபெனைத் தவிர்த்து டாக்டரிடம் கேட்க வேண்டும். ஊரில் டெங்கு பரவும் சமயத்தில் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான்.

மூன்றாம் நாள், கண்ணாடி முன்னால்

ஃபோன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்த்தால், குழிக்குள் வெளுப்பாக அல்லது மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு படலம் தெரியும். பார்த்ததும் சீழ் பிடித்துவிட்டது என்று ஓடுபவர்கள் ஏராளம். அது சீழ் இல்லை. ஆறும்போது இயல்பாகவே உருவாகும் நார்ப்படலம். லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும், வழியாது. அதைப் பஞ்சாலோ குச்சியாலோ சுரண்டி எடுக்காதீர்கள். சீழ் என்றால் அழுத்தும்போது ஒழுகும், கெட்ட சுவை வரும், ஈறு சிவந்து வீங்கியிருக்கும்.

எலும்பை அறுத்து எடுத்த பல் என்றால் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். அதற்கப்புறம் நாளுக்கு நாள் குறைய வேண்டும்.

குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று கடுமையாகி, காது வரைக்கும் இழுத்து, வாயில் நாற்றமும் வந்து, குழி காலியாக எலும்பு தெரிகிற மாதிரி இருந்தால் அது ட்ரை சாக்கெட். ரத்த உறைவு கலைந்து எலும்பு வெளியே தெரிவதுதான் காரணம். இது வந்த பிறகு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் தீராது. டாக்டர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த நாடாவை வைத்தால் சீக்கிரமே நிம்மதி கிடைக்கும். அந்த மருந்தில் பெரும்பாலும் இருப்பது யூஜெனால், நம் கிராம்புத் தைலத்தில் இருக்கும் அதே பொருள். அதற்காக வீட்டில் கிராம்புத் தைலத்தை நேராகக் குழியில் ஊற்றாதீர்கள், திசு வெந்துவிடும்.

இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் காய்ச்சலோ வீக்கமோ குறையவில்லை என்றால், கடையில் போய் ‘இதைவிட பவரானது’ கேட்காதீர்கள். உள்ளே சீழ் தேங்கியிருக்கலாம், வேர்த் துண்டு தங்கியிருக்கலாம். பல் எடுத்தவரிடமே திரும்பப் போங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மாத்திரை சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் அடுத்த வேளையை நிறுத்தி உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஒரு நாளில் பல முறை தண்ணீராக வயிற்றுப்போக்கு, ரத்தம் கலந்து போவது, கூடவே காய்ச்சல் இருந்தால், ஆன்டிபயாட்டிக்கால் வந்த குடல் தொற்றாக இருக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்தும் இது வரலாம்.

கீழ்க் கடைவாய்ப்பல்லில் தொடங்கும் தொற்று சில சமயம் நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் இறங்கிவிடும். தாடைக்கு அடியில் பலகை மாதிரி இறுகிய வீக்கம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, படுத்தால் மூச்சு முட்டுவது என்றால் மூச்சுக்குழாய் அடைபடப் போகிறது என்று பொருள். கண்ணை மூடும் அளவுக்குக் கன்னம் வீங்கினாலும் இதே அவசரம்தான். இங்கே மாத்திரை சாப்பிட்டு விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. பல் கிளினிக்குக்கும் போக வேண்டாம். நரம்பு வழியாக மருந்து ஏற்றவும், சீழை வெட்டி எடுக்கவும், மூச்சுக்கு வழி செய்யவும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார்ந்தபடியே அழைத்துப் போங்கள். எந்த நாளில் பல் எடுத்தது, எத்தனை வேளை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும் சீட்டையும் அவர் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.